துரைக்கு ஒரு படுகளம்

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தம்பி மகன் சாய்ந்துகொண்டு செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி என்னதான் பார்க்கிறான் என்று எட்டிப் பார்த்தால், ஒரு பையன். கிழிந்த ஜீன்ஸ், கையில் காப்பிக் கோப்பை, எதிரில் இருக்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். வேலை கிடைக்காதவன் போலிருக்கிறது என்று நினைத்து, "யார்றா இவன், பாவம்" என்றேன். "அத்த, அவன் ரத்தக்காட்டேரி" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இதுவா ரத்தக்காட்டேரி, நீங்களே சொல்லுங்கள். நான் பார்த்த ரத்தக்காட்டேரிகள் எல்லாம் சீமையில் அந்தக் காலத்தில் எடுத்த கலர்ப் படங்களில் வருகிறவர்கள். ஆறடிக்குக் குறையமாட்டார்கள். கறுப்புப் போர்வை, அதன் உள்பக்கம் சிவப்பு. மாடிப்படி உச்சியில் வந்து நின்றால் போதும், கீழே நிற்கிறவன் வாசலைத் தேடுவான். ஆனால் வாயைத் திறந்தால் வாங்க, பயணம் சௌகரியமா, சாப்பிடுங்க என்கிற தோரணையில்தான் பேச்சு. கழுத்தில் வாயை வைக்கிறவரைக்கும் அத்தனை மரியாதை. ரத்தமும் ரத்தமாகவா இருக்கும்? பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது மாதிரி அப்படியொரு சிவப்பு. பொய் என்று தெரியும், தெரிந்தும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வருகிற அந்த ருசி வேறு எந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர்கள் குடியிருக்கிற கோட்டைக்குப் போகிற வழி இன்னும் பிரமாதம். மலையடிவாரத்தில் ஒரு சாராயக்கடை இருக்கும். கோட்டையின் பேரைச் சொன்னதும் அங்கே குடித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். குதிரை வண்டிக்காரன் பாதி வழியிலேயே பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, இதற்கு மேல் வராது என்று வண்டியைத் திருப்பிவிடுவான். இதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பயப்படலாம். ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் போய்ப் பழகிய எங்களுக்கு அது தினசரி நடப்பு. எங்கள் ஜீப்காரர்களும் அப்படித்தான் இறக்கிவிடுவார்கள், கோட்டையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, மேலே ரோடு சரியில்லை, அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். அந்தப் படங்களை என் அளவுக்குத் தெரிந்த பெண் செங்கத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கடை வைத்திருந்தார். கேசட் வாடகைக்கு விடுவதோடு, கலர் டிவி, டெக்கு, ஜெனரேட்டர் மூன்றையும் ஏற்றிக்கொண்டு திருவிழா நடக்கிற ஊர்களுக்குப் போய்ப் படம் காட்டுவார். மற்ற கடைக்காரர்கள் சண்டைப் படமும் சாமி படமும் வாங்கி அடுக்கினார்கள் என்றால், இவர் வேலூர் வரைக்கும் போய்ச் சீமைப் பேய்களாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று என் அம்மா ரகசியமாகக் கேட்டபோது இதை நான் சொல்லவில்லை.

ப்ளஸ் டூ வரைக்கும் படித்தவள் என்பதால், இங்கிலீஷ் படம் போடுகிற இடங்களில் பக்கத்தில் நின்று கதை சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அந்தத் துரைமார்கள் பேசுவதில் "குட் ஈவினிங்" மட்டும் புரியும். மிச்சத்தை நானே பேசிவிடுவேன். ஒரு குறையும் வந்ததில்லை, அந்த ஒரு தடவை தவிர.

நெல்லிவாசல் பக்கம் ஒரு சின்ன ஊர். வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்கு அடிவாரத்திலிருந்து கூத்துக் கட்ட ஆள் வருவார்கள். அந்த வருஷம் அவர்களுக்கு வேறு ஊரில் ஆட்டம். அதற்குப் பதிலாக டிவி டெக்கு கேட்டு ஆள் அனுப்பினார்கள். திங்கட்கிழமை திருவிழா ஆரம்பம், புதன்கிழமை முடிவு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் செங்கத்தில் என் தம்பிக்குக் கல்யாணம்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு நான் ஒரே அக்கா. மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டதும் மிச்ச இரண்டு முடிச்சையும் போடுவது நாத்தனார். அவன் டவுசர் போட்ட காலத்திலிருந்தே, உன் பெண்டாட்டிக்கு நான்தான்டா முடிச்சுப் போடுவேன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். நான் இல்லையென்றால் அந்த இடத்துக்கு வர எங்கள் பெரியப்பா மகள் ஒருத்தி எப்போது எப்போது என்று காத்திருந்தாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணவறைக்கு மிக அருகில் நின்று போட்டோவில் விழுகிற ரகம். அவள் கையில் அந்த இரண்டு முடிச்சும் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மா போகாதே என்றாள். நான், புதன்கிழமை ராத்திரி வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

நாங்கள் போய் இறங்கிய நேரம் கோயிலில் காப்புக் கட்டு. மஞ்சள் தடவிய நூலைத் திருவிழா முடிகிறவரைக்கும் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் அது அவிழ்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊர்க்கவுண்டர் எங்களைப் பார்த்ததும், "ஊருக்குள்ள கால வச்சவங்க எல்லாருக்கும் உண்டும்மா, நீட்டு கைய" என்றார். பெருமையாக நீட்டினேன். என்னவோ தங்க வளையல் போட்டுவிடுகிற மாதிரி இவரும் நீட்டினார்.

முதல் நாள் சாமி படம். மறுநாள் என்ன படம் என்று கேட்டார்கள். இவர் கூச்சமே இல்லாமல், "இதுவும் சாமி படம்தாங்க, கெட்டவன் சாவுறான், சாமி ஜெயிக்குது" என்று சீமைக் கேசட்டை எடுத்தார். எப்படியோ அது பேய்ப் படம் என்று விஷயம் கசிந்துவிட்டது. பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பேயைப் பார்க்கலாம், ஆனால் ராத்திரியில் கூடாது. "பகல்லியே போட்டுடுங்க. பார்த்துட்டு வூட்டுக்குப் போவசொல்ல வெளிச்சம் இருக்கணும்" என்றார்கள். அதனால் நடுமத்தியானத்தில் பந்தலைச் சுற்றி ஊரில் இருக்கிற கம்பளிகளை எல்லாம் கட்டித் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். ஆட்டு மயிர் வாசனை, அடுப்புப் புகை வாசனை, ஜெனரேட்டரின் டீசல் வாசனை மூன்றும் சேர்ந்து மூச்சு முட்டியது. அந்தக் கோட்டையின் பாதாள அறைக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது.

முன்வரிசையில் கோவிந்தம்மா. நாற்பது வயதிருக்கும், சாமைக் காட்டில் வேலை செய்து இறுகின உடம்பு, கணீரென்ற குரல். படத்தை விட்டுவிட்டு என்னைத்தான் கேள்வி கேட்டாள்.

"இம்மாம் பெரிய வூட்ல அடுப்பு எங்கம்மா கீது?"

நான் எத்தனையோ தடவை பார்த்த படம். அடுப்பு இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. விருந்தாளிக்கு மேஜை நிறையச் சாப்பாடு வைத்துவிட்டு ரத்தக்காட்டேரித் துரை மட்டும் சாப்பிடாமல் நிற்கிற காட்சி வந்தது. "பாருடி, மொற தெரிஞ்சவன்" என்று பெண்கள் பக்கத்தில் ஒரே பாராட்டு. வா என்று வீட்டுக்காரர்கள் வாயால் கூப்பிட்டால்தான் வாசற்படி தாண்டி உள்ளே வருவார் என்று நான் விளக்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "ஓட்டு கேக்க வர்றவங்களே கூப்புடாம அடுப்படி வரிக்கும் வர்றாங்க, இவன் எவ்ளோ தேவலாம்" என்றார். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் துரை கட்சிக்குப் போய்விட்டது. தோளிலிருந்து தரை வரைக்கும் வெள்ளைக் கவுன் போட்ட பெண் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தபோது, கோவிந்தம்மா அவளைத்தான் திட்டினாள். "குளுர்ல ஜன்னல தொறந்து வச்சினு படுத்தா பேய் வராம இன்னா வரும்?"

கடைசியில் கதாநாயகன் பாதாள அறைக்குள் போனான். சவப்பெட்டியைத் திறந்தான். உள்ளே துரை கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். கதாநாயகன் கூர் சீவிய கட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துச் சுத்தியலை ஓங்கினான். டிவியில் இரண்டு கோடு ஓடியது. அடுத்த நொடி செங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காது குத்திக்கொண்டிருந்தார்கள்.

எவனோ கேசட்டை வாடகைக்கு எடுத்துப்போய் மேலேயே வீட்டு விசேஷத்தைப் பதிவு செய்து திருப்பிக் கொடுத்திருக்கிறான். ஊசி காதை நெருங்குகிறது, குழந்தை வீறிடுகிறது, தாய்மாமன் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதை சொல்கிறவள் நான்தானே. இவரைத் திரும்பிப் பார்த்தேன், ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்விட்டிருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன். "தொரை மறுபடி பொறந்துட்டாரு" என்றேன்.

கோவிந்தம்மா டிவியை உற்றுப் பார்த்தாள். "இன்னாம்மா சொல்ற. அது நம்ம வளையல்கார அண்ணன் பேரப்புள்ள. போன சந்தையில தூக்கினு வந்தாரே" என்றாள்.

புதன்கிழமை காலையில் காப்பு அவிழ்க்க எல்லோரும் கோயிலில் கூடினோம். நான் மூட்டை முடிச்சைக் கட்டி முதல் ஆளாக நின்றேன். ஊர்க்கவுண்டர் நூலில் கையை வைக்கவில்லை. சத்தம் போடாமல், நிதானமாக, அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது, சொன்னார்: "சாமிக்கு காப்பு கட்டிக்கினு ஆரம்பிச்ச கதம்மா. கூத்துல அரக்கன் சாவாம திரைய அவுக்கறதில்ல. உங்க தொர இன்னும் உசுரோட படுத்துனு கீறான். அவன இந்த ஊர்ல வுட்டுட்டு எப்டி காப்ப அவுக்கறது?"

"செத்துடுவாருங்க, நானே சொல்றேன் முடிவ" என்றார் இவர்.

"வாயால சொன்னா செத்துடுவானா? எல்லாரும் கண்ணால பாக்கணும்."

இவர் ஜீப்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, செங்கம் போய் வேறு கேசட் எடுத்து வந்துவிடலாம் என்று பேசிப் பார்த்தார். ஜீப்காரர் எங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "காப்போட ஏத்த மாட்டேங்க. எனக்கும் புள்ளகுட்டி கீது" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் படத்துக்கு வேறு கேசட்டும் கிடையாது என்பது வேறு விஷயம்.

பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். இவர் கத்தரிக்கோலோடு வந்தார். "நூலுதானே. கத்தரிச்சிட்டு நடந்தே எறங்கிடலாம், வா." அவர் சொன்னது சரிதான். கையை நீட்டினேன், உடனே இழுத்துக்கொண்டேன். நாளைக்குத் தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஒன்று கிடக்க ஒன்று ஆனால், ஒரு காப்பைக் கத்தரித்த கையால் இன்னொரு கயிற்றில் முடிச்சுப் போட்டேனே என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். போகாவிட்டால் பெரியப்பா மகள். எல்லாக் கோபத்தையும் திரட்டி இவரைத் திட்டினேன். உலகத்தில் இத்தனை படம் இருக்க உங்களுக்கு எதுக்கு இந்தப் பொணந்தின்னி என்று கேட்டேன். "பொணம் தின்ன மாட்டாரு, ரத்தம் மட்டும்தான்" என்றார் அந்த மனுஷன்.

கோவிந்தம்மா வந்து விசாரித்தாள். தம்பி, கல்யாணம், முடிச்சு எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். அவள் உட்காரக்கூட இல்லை, நேராக ஊர்க்கவுண்டரிடம் போனாள். "நாத்தனா இல்லாம தாலி கட்டறதா? கண்ணால தானே பாக்கணும். படுகளம் போட்டு சாவடிச்சிட்டா போச்சு" என்றாள்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடிவாரத்து ஊர்களில் கூத்தின் கடைசி நாளில் கெட்டவனின் உருவத்தைக் களிமண்ணால் தரையில் மல்லாக்கச் செய்து வைப்பார்கள். இரண்டு மூன்று ஆள் நீளம் இருக்கும். ஊரே சுற்றி நிற்க அவனைக் கொல்வார்கள். அதுதான் படுகளம். ஊர்க்கவுண்டர் யோசித்தார். தொரைக்குப் போடக் கூடாது என்று சட்டம் இல்லை என்றார்.

அன்றைக்கு முழுக்க மண் மிதித்தோம். வியாழக்கிழமை காலையில் துரை படுத்திருந்தார், என்ன நீளம், என்ன அகலம். ஊர்க்கவுண்டரின் கறுப்புக் கம்பளியைப் போர்த்தினார்கள். உள்பக்கச் சிவப்புக்கு யாரோ ரவிக்கைத் துணி கொடுத்தார்கள். பல்லுக்கு இரண்டு பூண்டைச் செருகினார்கள். இவர் பதறிப்போய், பூண்டைக் கண்டாலே அவர் பயப்படுவார், அதை வாயிலேயே வைத்தால் எப்படி என்று கேட்டார். "பூண்டுக்கு பயப்படுறவனா இம்மாம் நேரம் ஊர மெரட்டினான்? நம்ம வூட்டு ரசத்துக்கே செத்துருப்பானே" என்று சிரித்தார்கள்.

அடுத்த பிரச்சினை, நெஞ்சில் குத்துகிற கட்டை எந்த மரத்தில் என்பது. புளியமரம் என்றார் ஒருவர். அது பேய்க்குச் சொந்த வீடு, குத்தினால் குளிர்ச்சியாக இருக்கும் என்று தள்ளினார்கள். வேம்பு அம்மனுடையது, அவன் மேலே படக் கூடாது. சந்தனக்கட்டை என்று ஓர் இளவட்டம் ஆரம்பித்ததும், "அவன் சாவறானோ இல்லியோ, நம்மள பாரஸ்டுல புடிச்சினு போயிடுவாங்க" என்று அடக்கினார்கள். கடைசியில் மூங்கில். பாடைக்கும் மூங்கில்தானே, முன்பணமாக வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவானது.

குத்த வேண்டியவர் கொண்டுவந்தவர். மூங்கிலை இவர் கையில் கொடுத்தார்கள். காப்பைக் கத்தரிக்கத் துணிந்த அந்த வீரர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். துரையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துரையைப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு பிடித்தமான ஆள். "குத்துங்க, எனக்கு ஜீப்புக்கு நேரமாவுது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். உள்ளே வைத்திருந்த குங்குமத் தண்ணீர்ப் பொட்டலம் உடைந்து சிவப்பாக வழிந்தது. படத்தில் வருகிற அதே சிவப்பு.

படுகளத்தில் செத்தவனுக்கு அழ ஒரு தாய் வேண்டும். அது முறை. கூத்தில் ஒருவர் வேஷம் கட்டி வந்து அழுவார். இங்கே யார் என்று எல்லோரும் பார்க்க, கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துரையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தோம்.

"எப்பா தொர. இம்மாம் பெரிய வூட்ல உனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த ஆளு இல்லியே. பசிக்குதுன்னு யார்கிட்ட சொல்லுவ நீ. வான்னு ஒரு வார்த்த சொல்ல ஆளில்லாமதானே ஜன்னல் ஜன்னலா சுத்தின. என் வூட்டாண்ட வந்திருக்கலாமே. நான் வான்னு சொல்லியிருப்பேனே."

குரல் உடைந்துவிட்டது. அது வேஷம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் மகன் வேலைக்கென்று வெளியூர் போய் இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை என்று பக்கத்தில் நின்றவள் என் காதில் சொன்னாள். ஒருத்தி அழ, அடுத்தவள் அழ, பூண்டுப் பல்லோடு மல்லாந்து கிடக்கிற ஒரு சீமைப் பேய்க்காக அத்தனை பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுதோம். நானும் அழுதேன். அந்தப் படங்களில் எனக்கு என்ன பிடித்திருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவ்வளவு உயரம், அவ்வளவு மிடுக்கு, ஆனால் அந்த ஆளுக்கு ஒருத்தரும் இல்லை.

காப்பு அவிழ்ந்தது. ஜீப்பில் ஏறும்போது கோவிந்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்தவன் செத்தவன்தானே? திரும்பி வரமாட்டானே?" என்றாள். இவர் சந்தோஷமாக, "அதாங்க விசேஷமே, அடுத்த படத்துல ஒரு சொட்டு ரத்தம்..." என்று ஆரம்பித்தார். அவர் காலை நான் மிதித்த மிதியில் மூன்று நாள் நொண்டினார். "வரமாட்டாருங்க" என்று நான் சொன்னேன்.

வழியில் ஜீப் பழுது. மிச்ச தூரம் நடை, பிறகு ஒரு புளி லாரி. மண்டபத்து வாசலில் நான் இறங்கும்போது கெட்டி மேளம் கொட்டச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார்கள். மணப்பெண்ணுக்குப் பின்னால் பெரியப்பா மகள் பட்டுப்புடவை சரசரக்க நின்றுகொண்டிருந்தாள். எப்படி மேடையேறினேன் என்று தெரியாது. அவளை இடுப்பால் ஓர் இடி இடித்தது மட்டும் நினைவிருக்கிறது. நகம் பூராவும் களிமண். தம்பி முதல் முடிச்சைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தான். "இன்னாக்கா, எங்கிருந்து வர்ற இப்டி?"

"பேயப் பொதைச்சிட்டு வர்றேன். திரும்புடா."

குனிந்திருந்த மணப்பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கழுத்து ஆடி, முடிச்சு விழ நேரமாயிற்று. மீனா என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது.

வீடியோ கடை எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து, ஒரு மழைக்காலத்தில் மூட்டையாகக் கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நெல்லிவாசல் பக்கமும் எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்கிறார்கள். பேயை அவரவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தம்பி போய் மூன்று வருஷம் ஆகிறது. மாரடைப்பு. ஐம்பதுகூட நிரம்பவில்லை. பத்தாம் நாள் காரியத்தில் பெண்கள் கூடித் தாலியை எடுக்க மீனாவை உட்கார வைத்தார்கள். கழற்றிப் போடப் பால் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். நான் பார்க்க முடியாமல் கதவோரம் நின்றிருந்தேன். மீனா கயிற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "இது எங்க அண்ணி போட்ட முடிச்சி. மலையிலிருந்து பேயப் பொதைச்சிட்டு ஓடியாந்து போட்டாங்க. யாரும் கை வைக்காதீங்க."

பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் கையைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது அவள் கழுத்தில்தான் இருக்கிறது. நான் போட்ட முடிச்சாவது, ஒன்றாவது. வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றி மாற்றி, என் முடிச்சு முதல் வருஷமே ஆற்றோடு போயிருக்கும். அவளுக்கும் அது தெரியாமல் இருக்காது. அன்றைக்கு நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.